கஞ்சி சீனின் இடது ஓரம்

அடையாறு டெப்போவுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அங்கே மெஷின் பக்கத்தில் நிற்கிற டில்லிபாபுவிடம் ஆதார் கார்டை நீட்டிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நடக்காது. கார்டைக் கண்ணாடிமேல் வைப்பார், எடுப்பார், அரை விரல் நகர்த்தி மறுபடி வைப்பார். வெளியே வந்த தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நாலு ஓரத்தையும் பார்ப்பார். ஒரு பக்கம் நூலிழை விட்டுப்போயிருந்தாலும் போச்சு, தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, "ஓரம் விழல சார், ஒரு நிமிஷம்" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். நிற்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "ஓரத்துல இன்னாபா கீது, வெறும் வெள்ளதானே?" என்று ஒரு ஆட்டோக்காரர் கத்தியே விட்டார். டில்லிபாபு கார்டை மறுபடி கண்ணாடிமேல் வைத்தார். ஓரத்தில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதை வீட்டில் சொல்லத்தான் இருபத்தேழு வருஷம் வாய் வரவில்லை.

பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவர். பத்தாவதில் கோட்டை விட்டுவிட்டு ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டார். ரேடியோவிலிருந்து டிவி, டிவியிலிருந்து தி.நகரில் ஒரு வீடியோ கம்பெனி. துரைராஜ் என்று ஒருவர் அதை நடத்தினார். பழைய தமிழ்ப் படங்களை வாங்கி, பிலிமிலிருந்து டேப்புக்கு மாற்றி, கேசட்டாகவும் விற்பார், டிவிக்காரர்களுக்கும் கொடுப்பார். அந்த மாற்றுகிற மெஷினில் உட்கார்ந்தவர்தான் நம்ம டில்லிபாபு.

அந்த வேலை என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை விளங்காது. ஸ்கோப் படம் என்பது தியேட்டரில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் விரிந்து கிடக்கிற படம். அன்றைக்கு வீட்டிலிருந்த டிவியோ கிட்டத்தட்டச் சதுரப் பெட்டி. கல்யாண மண்டபத்து ஜமக்காளத்தை ஒண்டுக்குடித்தன அறையில் விரிக்கிற மாதிரிதான். ஏதாவது ஒரு பக்கத்தை மடித்தே ஆக வேண்டும். எந்தப் பக்கத்தை என்று முடிவு செய்தது டில்லிபாபுவின் வலது கை. மெஷினில் ஒரு திருகு இருந்தது. கட்டைவிரலால் இந்தப் பக்கம் தள்ளினால் படத்தின் வலது பாதி டிவிக்கு வரும், இடது பாதி போய்விடும். அந்தப் பக்கம் தள்ளினால் அது வரும், இது போய்விடும். ஷாட்டுக்கு ஷாட் இப்படித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். துரைராஜ் ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தார். "ஹீரோ மூஞ்சி உள்ள இருக்கணும்டே. மத்தத நீ பாத்துக்க."

அந்த 'மத்தது' என்பதில்தான் டில்லிபாபு ராஜாவாகிப்போனார். மூன்று மாதத்தில் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஓரத்தை வெட்டியே ஆக வேண்டும் என்றால், குறை இருக்கிற ஓரமாகப் பார்த்து வெட்டலாமே! சரித்திரப் படத்தில் கூட்டத்தில் ஒருத்தன் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு நிற்பான். சாவு வீட்டில் சுவரோரமாக மைக்கின் நிழல் ஆடும். எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம், துணை நடிகர் யாராவது நேராகக் கேமராவைப் பார்த்துவிடுவது. டைரக்டரே கவனிக்காமல் விட்டதை டில்லிபாபு கண்டுபிடிப்பார். லேசாக ஒரு தள்ளு. குறை போயே போச்சு. அதோடு விடுவாரா? ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, படத்தின் பெயர், ரீல் எண், எந்தப் பக்கம், என்ன குறை என்று பேனாவால் எழுதி, கடைசியில் 'தூக்கியாச்சு' என்று முடிப்பார். அந்த நோட்டைத் துரைராஜ் வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொள்வார். டில்லிபாபுவுக்குத் தலைகால் புரியாது.

தொண்ணூற்று நாலாம் வருஷம், சித்திரை வெயில். ஒரு பழைய படத்தின் வெள்ள நிவாரணக் காட்சி மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் ஏழை ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஹீரோ குந்தி உட்கார்ந்து ஒரு குழந்தையின் தட்டில் கஞ்சி ஊற்றுகிறார். குழந்தையின் பக்கத்தில், படத்தின் இடது ஓரத்தில், அதன் தாயாக ஒரு பெண். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கரண்டி சாய்கிற நேரத்தில் அந்தப் பெண் முகத்தைத் திருப்பி நேராகக் கேமராவைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரம், அவ்வளவுதான். டில்லிபாபு 'பிடிச்சேன் பாரு' என்று சொல்லிக்கொண்டே பிலிமைப் பின்னால் ஓட்டினார். கட்டைவிரல் திருகை வலப்பக்கம் தள்ளியது. அந்தப் பெண் போனாள். குழந்தையும் ஹீரோவும் டிவிக்குள் அம்சமாக உட்கார்ந்தார்கள். குழந்தையின் தொடையில் அவளுடைய ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது. கைதானே, போனால் போகிறது என்று விட்டுவிட்டு நோட்டில் எழுதினார், கீழே இறங்கிப் போய் டீ குடித்தார்.

அப்போது அவருக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி தேவானை கோட்டூர்புரம் ஆற்றோரத்துக் குடிசையில் பிறந்தவள். அவளுடைய அம்மா நவநீதம் சினிமாவில் கூட்டத்தில் நிற்கிற வேலைக்குப் போனவள். காலையில் ஏஜெண்ட் வேன் வரும், ஏறிப் போனால் சாயங்காலம் திரும்புவாள். தேவானைக்கு ஆறு வயதாக இருக்கும்போது ஒருநாள் அவளையும் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த ஐப்பசியில் நவநீதம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். குடிசையில் போட்டோ ஏது? ஒன்று இரண்டு இருந்திருந்தாலும் ஆற்று வெள்ளம் விட்டுவைத்திருக்காது. அம்மாவின் முகம் தேவானைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோனது. பத்து வயதில் மூக்கு மறந்தது, பதினைந்தில் கண் மறந்தது என்று அவளே கணக்குப் போட்டுச் சொல்லுவாள்.

அந்த ஒருநாள் ஷூட்டிங் மட்டும் மறக்கவில்லை. "உண்மையான கஞ்சிங்க. மூணு தபா எடுத்தாங்க, மூணு தபாவும் குட்ச்சேன். வவுறு இப்டி ஆயிட்ச்சு. எங்கம்மா என் தொடைய அமுக்கிப் புட்ச்சிக்கினு, கேமராவப் பாக்காதடி, பாத்தா அடுத்த தபா கூப்ட மாட்டாங்கன்னு சொல்லிக்கினே இருந்துச்சு. அது ஒரு தபாகூடப் பாக்கல. அவ்ளோ உஷாரு எங்கம்மா." இதைப் புருஷனிடம் நூறு முறை சொல்லியிருப்பாள், கேட்டுக் கேட்டு அது அவர் காதில் ஏறுவதே நின்றுபோயிருந்தது. படத்தின் பெயர்தான் தெரியாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு யார் வந்து பெயர் சொல்லப்போகிறார்கள்? கூட்டத்தில் உட்காருகிற ஜனங்களுக்கே அது தெரியாது. அதனால் டிவியில் எந்தப் பழைய படம் போட்டாலும் உட்கார்ந்துவிடுவாள். ஹீரோவைப் பார்க்க மாட்டாள், ஹீரோயினைப் பார்க்க மாட்டாள், பின்னால் நிற்கிற கூட்டத்தையே பார்ப்பாள். சினிமா வேலைக்காரனைக் கட்டிக்கொண்டதே அதற்காகத்தான் என்று டில்லிபாபு கிண்டல் செய்வார். அவளும் சிரித்துக்கொண்டு, "பின்ன, உன் அழகப் பாத்தா?" என்பாள்.

தொண்ணூற்றேழு பொங்கலன்று மத்தியானம். டில்லிபாபு தரையில் உட்கார்ந்து கரும்பு சீவிக்கொண்டிருந்தார். மகள் கயலுக்கு அப்போது இரண்டு வயது, பக்கத்தில் சக்கையைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. டிவியில் படம். திடீரென்று தேவானை போட்ட அலறலில் கத்தி கையைக் கிழித்துவிட்டது.

"நான்யா! நான்தான்யா அது! அய்யோ, எங்கம்மா கை! எங்கம்மா கை!"

நிமிர்ந்து பார்த்தார். கஞ்சி ஊற்றும் ஹீரோ. எண்ணெய் வழிய வாரிய தலையோடு தட்டைப் பார்த்துக் குனிந்திருக்கும் குழந்தை. அதன் தொடையில் ஒரு கை. முழங்கைக்குக் கீழே தேள் பச்சை குத்தியிருந்தது. கண்ணாடி வளையலில் ஒரு ஊக்கு தொங்கியது. கைக்கு மேலே ஒன்றுமில்லை, டிவிப் பெட்டியின் விளிம்புதான். டில்லிபாபுவுக்குத் தன் நோட்டு ஞாபகம் வந்தது. ரீல் ஏழு. இடது ஓரம். தூக்கியாச்சு.

தேவானை டிவியின் இடது பக்கம் போய் நின்றுகொண்டு, பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே பார்த்தாள். அதற்குள் காட்சி மாறி ஹீரோ பாட ஆரம்பித்துவிட்டார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் ஆரம்பித்தாள் பாருங்கள் திட்ட! "எந்தக் கசுமாலம்யா இத்த வெட்னான்? அவன் கை வெளங்குமா? அவன் பெத்த தாய இப்டி வெட்டுவானா?" சந்து முழுக்கக் கேட்டது. டில்லிபாபு ரத்தம் வடிகிற கையை வாயில் வைத்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த நிமிஷத்தில் 'நான்தான்' என்று சொல்லியிருந்தால் நாலு நாள் சண்டையோடு போயிருக்கும். சொல்லவில்லை. மனுஷனுக்குத் தைரியம் வரவேண்டிய நேரத்தில் வரவில்லையென்றால் அப்புறம் அது வருவதேயில்லை, அதுதான் தொல்லை.

அதற்குப் பதிலாகத் திருட்டுத்தனமாக அலைந்தார். மறுநாளே பிலிம் கொடுத்த விநியோகஸ்தரிடம் ஓடினார். பிலிமில் இருக்கிற வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக அதை எடை போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். இன்னொரு பிரிண்ட் மதுரையில் இருக்கிறது என்றார்கள். போனால் தியேட்டர் கல்யாண மண்டபமாகியிருந்தது. படம் எடுத்தவர் செத்துப்போயிருந்தார். நெகடிவ் ஏதோ ஒரு லேபில் தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு வக்கீல் வைத்திருந்ததால் தொடக்கூட விடவில்லை. வருஷத்துக்கு ஒரு முறையாவது இப்படி எங்கேயாவது போய், கையை விரிப்பதைப் பார்த்துவிட்டு வருவார். வீட்டில் கேட்டால் மெஷின் பார்ட்ஸ் வாங்கப் போனதாகச் சொல்வார். ரெண்டாயிரத்து நாலில் துரைராஜ் கம்பெனியை மூடினார். டில்லிபாபு அந்த ஒரு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, பீரோவில் ரேஷன் கார்டு, பத்திரங்களுக்கு அடியில் சொருகிவைத்தார். எரித்திருக்கலாம். அந்த முகம் ஒரு காலத்தில் இருந்தது என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே அத்தாட்சி அந்த ஒரு வரிதான் என்பதால் எரிக்க மனம் வரவில்லை.

தேவானை கையோடு திருப்திப்பட்டுக்கொள்ளப் பழகினாள். முதலில் கேசட், அது தேய்ந்த பிறகு சிடி, சிடியும் கீறல் விழுந்த பிறகு போன். யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றிவைத்திருந்தான். தினமும் காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, சரியாக ஒரு மணி பதினோரு நிமிஷத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய், அந்தக் கையைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் சமையல். எல்லாப் பதிப்பும் டில்லிபாபு வெட்டிய அதே வெட்டுதான், ஒன்றிலிருந்து ஒன்றாக எடுத்தது. அவளும் தினமும் விடாமல், "வெட்னவன் நல்லா இருப்பான்" என்று சொல்லிவிட்டு போனை வைப்பாள். வயதாக ஆக வசவு இப்படி வாழ்த்தாக மாறியிருந்தது. டில்லிபாபுவுக்கு வசவே தேவலாம் என்றிருந்தது.

போன வருஷம் ஆடி மாதம் கயல் ஆபீஸிலிருந்து வரும்போதே வாசலில் கத்திக்கொண்டு வந்தாள். "மா! உன் படம் புதுசா வருதாம்மா! சுத்தம் பண்ணி, கலர் எல்லாம் சரி பண்ணி, ஓடிடில போடுறாங்களாம். அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழம."

தேவானை புருஷனைத்தான் பார்த்தாள். அந்த வீட்டில் சினிமா தெரிந்தவர் அவர்தானே. "யோவ், இதுலயாச்சும் முழுசா வருமா?"

டில்லிபாபுவுக்கு முகமெல்லாம் பல். "வராம? அப்ப டிவி சதுரம்மே, அதான் வெட்னாங்க. இப்ப டிவியே அகலமாயிட்ச்சு. இன்னாத்துக்கு வெட்டப் போறாங்க? நெகடிவ்லேர்ந்து எடுத்தா இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரிக்கும் வரும்."

"அம்மா மூஞ்சி வரும்?"

"வரும்."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். கடவுளாகப் பார்த்து நம்ம பாவத்தைக் கழுவிவிட்டார் என்று அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார். இனி ஒன்றும் சொல்லவே வேண்டாம் பாருங்கள், முகம் வந்துவிடும், கதை முடிந்துவிடும். கயல் தவணையில் நாற்பத்து மூன்று இன்ச் டிவி வாங்கிச் சுவரில் மாட்டினாள். தேவானை மாடிக்கு மாடி போய், "எங்கம்மா வருது, பாக்க வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

படம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் டில்லிபாபுவுக்குப் பொறுக்கவில்லை. படத்தைச் சுத்தம் செய்கிற கம்பெனி தி.நகரில் பனகல் பார்க் பக்கத்துத் தெருவில்தான் என்று விசாரித்து வைத்திருந்தார். கடைக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். ஜஹீதா என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும், அந்தப் படத்தைச் சுத்தம் செய்தது அவள்தான். பிலிமை டேப்புக்கு மாற்றுகிற பழைய டெலிசினி ஆள் என்று சொன்னதும் எழுந்து நாற்காலி போட்டாள்.

"கஞ்சி சீன் ஒண்ணு கீதும்மா. அத்த மட்டும் பாத்துட்டுப் போய்ட்றேன்."

அவள் தேடிப் போட்டாள். பளபளவென்று இருந்தது படம். கீறல் இல்லை, கொசு பறக்கிற மாதிரிப் புள்ளிகள் இல்லை. ஹீரோ குந்தி உட்கார்ந்தார். குழந்தை குனிந்தது. கரண்டி கீழே போனது. எங்கே போனது என்று தெரியவில்லை. தட்டு இல்லை. தொடை இல்லை. கை இல்லை. குழந்தை நெஞ்சு வரைக்கும்தான் இருந்தது. இடது பக்கம் அதே வெட்டு, ஒரு நூல்கூட அதிகமில்லை. இப்போது கீழேயும் வெட்டு.

"இன்னாம்மா இது?" என்றார்.

"சார், நெகடிவ் போயிடுச்சு. டப்பாவத் திறந்தா ஒரே புளிச்ச நாத்தம், பிலிம் எல்லாம் அல்வா மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கிடைச்சது ஒரே ஒரு டேப்தான். அது சதுரப் படம். இப்ப டிவி அகலம். அப்படியே போட்டா ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கும், திரை நிறையலன்னு ஓடிடிக்காரங்க திருப்பி அனுப்பிடுறாங்க. அதனால பெருசாக்கி நிறைக்கணும். மேல வெட்டினா ஹீரோ தலை போகும், ரசிகருங்க சும்மா விடுவாங்களா? அதான் கீழ வெட்டினோம்." சொல்லிவிட்டு மேஜையடியிலிருந்து ஒரு பெரிய டேப் டப்பாவை எடுத்து அன்பாக நீட்டினாள். "ஆனா தொண்ணூத்து நாலுல இதப் பண்ணவரு கெட்டிக்காரர் சார். ஒரு குறை கிடையாது. கூட்டத்துல ஒருத்தர்கூடக் கேமராவப் பாக்கல."

டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டில் டில்லிபாபுவின் கையெழுத்து இருந்தது. படத்தின் பெயர், ரீல் கணக்கு, தேதி.

கீழே வெட்டுவதை மட்டுமாவது விடச் சொல்லிக் கெஞ்சினார். அந்தக் காட்சியில் மட்டும், நாலு நொடி மட்டும். படம் ஏற்கெனவே ஓடிடிக்காரர்களிடம் போய்விட்டது, இனிக் கையில் இல்லை என்றாள். அப்படியானால் அந்த டேப்பில் கை இருக்கிற இடத்தை ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தால் போதும் என்றார். "சார், இங்கிருந்து ஒரு படம் வெளிய போச்சுன்னா என் வேலை போயிடும். எனக்குக் கொடுக்கணும்னுதான் இருக்கு. முடியாது சார்." அவள் கண்ணில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அவளைத் திட்டக்கூட முடியவில்லை. யாரைத் திட்டுவது? அவளும் ஒரு விதிக்குத்தான் வெட்டினாள், இவரும் ஒரு விதிக்குத்தான் வெட்டினார்.

பஸ் பட்டினப்பாக்கம் தாண்டிச் சாந்தோம் வரைக்கும் போனபிறகுதான் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது தெரிந்தது. திரும்பி நடந்து வந்தார். வீட்டில் சொல்லிவிடுவது என்று முடிவோடுதான் படியேறினார். தேவானை ரவை வறுத்துக்கொண்டிருந்தாள், சனிக்கிழமை கேசரிக்கு. "இன்னாயா, மூஞ்சி செத்துக் கீது?" என்றாள். "வெயிலு" என்றார்.

சனிக்கிழமை காலையில் தேவானை வழக்கம்போல டீயோடு போனை எடுத்தாள். பழைய படம் இல்லை. புதிது வருகிறதே, அதனால் எடுத்துவிட்டார்கள். அது எங்கே போகப்போகிறது என்று யாரும் இறக்கி வைத்துக்கொள்ளவில்லை, கயலுக்குக்கூடத் தோன்றவில்லை. "போனாப் போவுது, சாயங்காலம் முழுசாவே வருது" என்று தேவானை தலைக்குக் குளிக்கப் போனாள். டில்லிபாபு பாத்ரூம் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. எதிர் வீடு, மேல் வீடு, பிள்ளைகுட்டிகள். தேவானை பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, டிவிக்கு எதிரே தரையில் இடது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி பதினோரு நிமிஷம். ஹீரோ வந்தார், குந்தினார். "தோ, தோ, நான்தான் அது!" என்றாள். கரண்டி கீழே இறங்கியது. தேவானை காத்திருந்தாள். காட்சி மாறிவிட்டது.

"இன்னொரு தபா போடு" என்றாள் கயலிடம். போட்டாள். "இன்னொரு தபா." நாலாவது முறையில் எதிர் வீட்டுக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக எழுந்தாள். ஒவ்வொருவராகக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார்கள். போகும்போது, "கேசரி நல்லாருந்துச்சு தேவானை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், வேறென்ன சொல்வார்கள், பாவம்.

தேவானை அழவில்லை. டிவியைத் தொட்டாள், கீழ் விளிம்பில், கை இருந்திருக்க வேண்டிய இடத்தில். "கையும் போச்சா?" என்றாள். யாரையும் திட்டவில்லை. வெட்டினவனைக்கூடத் திட்டவில்லை. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் திட்டாமல் இருந்தாள், டில்லிபாபுவால் அதைத் தாங்க முடியவில்லை. எழுந்துபோய் பீரோவைத் திறந்து, ரேஷன் கார்டுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தார்.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ரீல் ஏழு. கஞ்சி. இடது ஓரம் பொம்பளை கேமராவைப் பார்க்கிறாள். தூக்கியாச்சு." படித்துவிட்டுக் கையெழுத்தைப் பார்த்தாள். அவர் மளிகைச் சீட்டு எழுதுகிற அதே கையெழுத்து. முப்பத்திரண்டு வருஷமாகப் பார்க்கிற கையெழுத்து.

"நைனா..." என்று கயல் ஏதோ சொல்ல வந்தாள். தேவானை கையைக் காட்டி நிறுத்தினாள்.

டில்லிபாபு அடியை எதிர்பார்த்து நின்றார். செருப்பால் அடித்திருந்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பார். "தெரியாது தேவானை. சத்தியமா அப்பத் தெரியாது. அப்பறம் தெரிஞ்சுது, சொல்லத் தைரியம் இல்ல" என்றார்.

அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. விரல் அந்த வரியின்மேல் நின்றது. "கேமராவப் பாத்துச்சா? எங்கம்மாவா?" முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது. "என்னிய பாக்காதன்னு சொல்ட்டு, அது பாத்துச்சா?"

"ஆமா."

"அப்ப நேரா மூஞ்சி தெரிஞ்சிருக்குமே."

"ஆமா."

"நீ பாத்த."

அவர் தலையாட்டினார். தேவானை நகர்ந்து வந்து அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக, ஆசை இருந்தது. "சரி, போனது போவட்டும். வெட்னதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ ஒரு ஆளாச்சும் பாத்தியே. சொல்லுயா. எப்டி இருந்துச்சு எங்கம்மா?"

இந்தக் கேள்வியை அவர் ஒருநாளும் எதிர்பார்த்ததில்லை. கோபத்துக்குப் பயந்தார், சாபத்துக்குப் பயந்தார், இதற்குப் பயந்ததில்லை.

"நெத்தி... கொஞ்சம் அகலம்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். "புருவம் ரெண்டும் கிட்டகிட்ட இருக்கும். மூக்கு சின்னது. இந்தப் பக்கம் கன்னத்துல ஒரு குழி."

தேவானை தன் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அது நான்யா" என்றாள். "அது எம் மூஞ்சி. அத்தத்தான் நான் கண்ணாடில தெனம் பாக்கறனே. அது வாணாம். அம்மா மூஞ்சியச் சொல்லு. அவசரமில்ல, நல்லா ரோசிச்சுச் சொல்லு."

டில்லிபாபு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ரீல் ஏழு ஓடியது. தாழ்வாரம் வந்தது, ஜனங்கள் வந்தார்கள், ஹீரோ குந்தினார், கரண்டி சாய்ந்தது. இடது ஓரத்தில் அந்தப் பெண் முகத்தைத் திருப்ப ஆரம்பித்தாள். திரும்புவதற்குள் கட்டைவிரல் தள்ளிவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். மறுபடியும் தள்ளியது. அவர் கண்ணைத் திறக்காமலே இருந்தார். பக்கத்தில் தேவானை அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.